தறி நின்றால் நட்டம் யாருக்கு

எங்கள் ஊரில் இரண்டு பணம் புழங்குகிறது. ஒன்று அரிசிப் பணம், மற்றது பட்டுப் பணம். அரிசிப் பணம் கண்ணுக்குத் தெரியும். ஆலைகள், நெல் காயும் களங்கள், மூட்டை ஏற்ற வரிசையில் நிற்கும் லாரிகள் என்று களம்பூருக்குள் நுழையும்போதே எதிரே வந்து நிற்கும். பட்டுப் பணம் வீட்டுக்குள், தறிக்குழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயிலில் வருகிறவர்கள் எங்கள் ஊர் நிலையத்தின் பலகையில் 'ஆரணி ரோடு' என்று படித்துவிட்டு இறங்குவார்கள். பட்டு வாங்க வந்தவர்கள் அங்கிருந்து ஆரணிக்குப் பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். வழியில் வீடுகளுக்குள் ஓடும் தறிகளின் சத்தம் அவர்கள் காதில் விழுவதில்லை.

இந்த இரண்டு பணத்துக்கும் நடுவே ஒரு சின்ன அறையில் நான் தொழில் செய்கிறேன். சேலைக்கு டிசைன் போடுவது, அதைக் கட்டத் தாளில் கிராப்பாக எழுதுவது, அட்டை அடித்துக் கொடுப்பது என் வேலை. இந்த வேலை யாருக்காக என்ற கேள்விக்கு விடை தெரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. கிடைத்த விடை என் மனசுக்கு உகந்ததாக இல்லை. அதை வெளியே சொல்லக் கூச்சமாகவும் இருந்தது. சின்னதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து "யாரைப் போய் பாக்குறதுண்ணே?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். 1804 வாக்கில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய முறை அது. கரையிலும் முந்தியிலும் வருகிற மயில், அன்னம், யாளி, கொடி எல்லாம் அந்தப் பெட்டியின் வேலைதான். குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும், அதன் கொக்கி தூக்கும், கொக்கியில் கட்டிய பாவு இழை, அதாவது நீளவாட்டு இழை, மேலே வரும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். 120 ஊசிப் பெட்டி, 240 ஊசிப் பெட்டி என்று பெட்டியை ஊசிக் கணக்கில் சொல்வோம். ஒரு மயில் முழுதாக வர நூற்றுக்கணக்கில் அட்டைகள் வேண்டும். அவற்றை வரிசை மாறாமல் நூலால் கோர்த்துப் பெட்டியில் ஏற்ற வேண்டும். ஓர் அட்டை இடம் மாறினாலும் மயிலின் கழுத்தில் கோடு விழுந்துவிடும்.

என் அப்பா கூலி நெசவாளர். அட்டை நைந்துபோனாலோ டிசைன் மாறினாலோ எங்கள் வீட்டுத் தறி நின்றுவிடும். தறி நின்றால் கூலி கிடையாது. அட்டை வந்து சேரும்வரை அம்மா யார் வீட்டிலாவது கைமாற்று வாங்குவாள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். சேலம் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் டிப்ளமோ முடித்து, காஞ்சிபுரத்தில் ஒரு டிசைன் கூடத்தில் வேலை கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பி இந்த அறையைத் திறந்தபோது என் மனசில் இருந்த வாடிக்கையாளர் அவர்தான். அவரைப் போன்றவர்களின் தறி நிற்கக்கூடாது என்பதற்காகவே கணினியும் அட்டை அடிக்கும் மெஷினும் கடன் வாங்கிப் போட்டேன்.

கணினி இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் வந்தார்கள். கல்யாணப் பத்திரிகை, காது குத்து பேனர், கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட், அரிசி ஆலைக்காரர்களின் மூட்டைப் பை டிசைன் என்று அறை நிறைந்திருந்தது. நடுவே சேலை வேலையும் வரும். சாப்பிட நேரமிருக்காது. ஆனால் மாசக் கடைசியில் கடன் தவணை கட்டும்போது கை நடுங்கும். இவ்வளவு பேர் வந்தும் பணம் ஏன் நிற்கவில்லை என்று இரவெல்லாம் யோசிப்பேன்.

கூலி நெசவாளர்கள் வந்தார்கள். அட்டைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒண்ணுபுரத்திலிருந்தும் தேவிகாபுரம் பக்கமிருந்தும் வருவார்கள். கிழிந்த அட்டைகளை மாற்றித் தருவேன். பணம் என்று வரும்போது வந்தவர் முகம் சுருங்கும். "நான் எடுத்துனு வந்தவன்தாம்பா. காசு முதலாளிகிட்ட கேளு" என்பார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தறி அவர் வீட்டில் இருக்கிறது, உழைப்பு அவருடையது. கோராப் பட்டு, ஜரிகை, சாயக் கூலி, டிசைன், அட்டை எல்லாம் முதலாளியுடையவை. எந்தப் பூ வர வேண்டும் என்று அவர் தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்காத ஒன்றுக்கு அவரிடம் எப்படிக் காசு கேட்பது?

லியோனிலும் இதே ஏற்பாடுதான் இருந்திருக்கிறது. அங்கே பட்டையும் டிசைனையும் வியாபாரி வைத்திருந்தார். தறி நெசவாளர் வீட்டில் இருந்தது. டிசைனைப் படித்து அட்டையாக்குவது தனிப் பட்டறைகளில் நடந்தது. அவற்றுக்கு வேலை கொடுத்தவர் வியாபாரிதான், நெசவாளர் இல்லை. கூலி விகிதம் கேட்டு 1831-லும், பிறகு மறுபடி 1834-லும் அந்த நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்ததைப் படித்தபோது எனக்கு எங்கள் தெரு நினைவுக்கு வந்தது. இருநூறு வருடத்துக்கு முன்னால், கடல் கடந்த ஊரில், என்னைப் போல் அட்டை அடித்தவன் யார் வீட்டு வாசலில் நின்றிருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். நெசவாளர் வீட்டு வாசலில் நின்றிருக்க மாட்டான்.

அப்பாவுக்காகத் திறந்த கடைக்கு அப்பா வாடிக்கையாளராக முடியாது. இந்த உண்மையை ஏற்றுக்கொள்வது எனக்குப் பெரிய வலியாக இருந்தது. ஏதோ துரோகம் செய்கிறோம் என்ற எண்ணம் நீண்ட நாள் என்னை விடவில்லை.

2020-இல் கொரோனா வந்து கடைகள் மூடின. கல்யாணங்கள் பத்து இருபது பேரோடு வீட்டுக்குள் நடந்தன. தறிகள் நின்றன, எனக்கும் வேலை இல்லை. அந்த நாட்களில்தான் பழைய பில் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யார் அதிகம் கொடுத்தார்கள் என்று முதலில் பார்த்தேன். அதில் புதிதாக எதுவும் தெரியவில்லை. யார் மறுபடி வந்தார்கள் என்று பார்த்தபோதுதான் பெயர்கள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன.

அரிசி ஆலைக்காரர்கள் நல்ல பணம் கொடுத்திருந்தார்கள், ஆனால் திரும்பி வரவில்லை. காரணம் அவர்கள் தொழிலிலேயே இருக்கிறது. மூட்டையின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் மளிகைக் கடைக்கு வருகிறவர் அரிசி கேட்கிறார். யானைப் படமோ தாமரைப் படமோ, அது மாறினால் வாங்குகிறவர் சந்தேகப்படுவார். அரிசிப் பைக்கு மாறாமல் இருப்பதுதான் பலம். சேலைக்கு மாறுவதுதான் பலம். போன வருடத்துக் கரையை இந்த வருடம் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே கணினியில் இரண்டு வேலையையும் நான் செய்தேன். ஒருவருக்கு நான் பத்து வருடத்துக்கு ஒருமுறை தேவை, இன்னொருவருக்குப் பருவத்துக்குப் பருவம் தேவை. அவ்வளவு வெளிப்படையான விஷயம், பில்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கும்வரை கண்ணில் படவில்லை.

பெரிய ஜவுளிக் கடைகளின் வேலையும் கொஞ்சம் வந்திருந்தது. அவர்களுக்குச் சொந்தமாக டிசைனர்கள் உண்டு. மிஞ்சுகிற வேலை, அவசர வேலை எங்களைப் போன்றவர்களிடம் வரும். சென்னையில் ஒரு கடைக்கு மாதிரி டிசைன்கள் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் போன் செய்துகொண்டிருந்தேன். குறு, சிறு தொழில் செய்கிறவருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. உரிய நேரத்தில் கொடுக்காவிட்டால் வாங்கியவர் அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் வருடத்து வருமான வரிக் கணக்கில்தான் கழிக்க முடியும் என்ற விதியும் 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வைத்திருந்தால் இதைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு. பதிவு செய்யாமல் இருக்கும் பிள்ளைகள் உடனே செய்துகொள்ள வேண்டும், செலவே கிடையாது. ஆனால் சட்டம் பிடித்து இழுக்க வேண்டிய நிலையில் இருக்கும் வாடிக்கையாளரை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? என்னால் முடியவில்லை.

கூட்டுறவுச் சங்கங்களுக்குக் காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்தின் டிசைன் உதவி இருக்கிறது. அங்கே என் வேலைக்கு இடம் குறைவு.

மிச்சம் இருந்த பெயர்களை ஒரு தாளில் எழுதினேன். திரும்பத் திரும்ப வந்தவர்கள், பேரம் பேசினாலும் பேசியதைக் கொடுத்தவர்கள். எல்லோரும் சின்ன முதலாளிகள். ஏழெட்டுத் தறியிலிருந்து இருபது தறிவரை ஓட்டுகிறவர்கள். பலர் ஒரு காலத்தில் தாங்களே தறிக்குழியில் இறங்கி நெய்தவர்கள். பட்டு வாங்குவது, சாயப்பட்டறைக்குப் போவது, கடைக்குச் சேலை கொண்டுபோவது எல்லாம் அவர்களே. டிசைனுக்குத் தனி ஆள் வைக்க வசதியில்லை. ஆனால் புது டிசைன் இல்லாமல் கடைக்காரர் முன்னால் போய் நிற்கவும் முடியாது.

அவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. என் டிசைன் அழகாக இருக்கிறது என்பதால் வந்தார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஜக்கார்டு பெட்டி கட்டும் பெரியவர் ஒருவர் அதைத் தெளிவாக்கினார். பெட்டி ஏற்ற, கயிறு மாற்ற, ஊசி சரிசெய்ய என்று ஆரணி வட்டாரத்தில் அவர் கால் படாத தறி வீடு குறைவு. டீக்கடையில் அவரிடம், "அண்ணே, புது டிசைன் யாருக்கு வேணும்னு உங்களுக்குத் தெரியுமே, சொல்லுங்களேன்" என்று கேட்டேன்.

"டிசைன் வேணுமான்னு கேட்டா எல்லாரும் வேணும்னுதாம்பா சொல்லுவான். எவன் தறி நிக்குதுன்னு கேளு, நான் சொல்றேன்" என்றார்.

அவர் சொன்ன வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டில் காஞ்சிபுரத்து டிசைன் ஒன்றை அட்டையாக வாங்கி வந்து ஏற்றியிருந்தார்கள். அன்னம் வாத்துபோல் சப்பையாக வந்திருந்தது. இழை எண்ணும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அந்த கிராப் வேறு இழை நெருக்கத்துக்காக எழுதப்பட்டது. ஓர் அங்குலத்தில் எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை என்ற கணக்குக்கு ஏற்பத்தான் கிராப் கட்டத்தின் நீள அகலம் இருக்க வேண்டும். ஆரணிப் பக்கத்துச் சேலைகள் பல, காஞ்சிபுரத்துச் சேலையைவிட எடை குறைந்தவை. அங்கே சரியாக வந்த பூ இங்கே அமுங்கும், அல்லது நீளும். அந்த முதலாளிக்கு அதன் காரணம் தெரியவில்லை. நெசவாளர் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தார். நெசவாளர் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். நெய்த அளவுக்குப் பட்டும் ஜரிகையும் வீண்.

முதலாளியின் பெரிய பயம் பட்டு வீணானதைப் பற்றியதாக இல்லை. "தறி ரெண்டு வாரம் நின்னா ஆளு போயிடுவான் சார்" என்றார். நெய்கிற ஆள் கிடைப்பது இப்போது பெரும்பாடு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் செய்யாறு சிப்காட் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறார்கள். மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப். பிடிப்பு, மழைக்காலத்திலும் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்றுபோகும் வீட்டில் வளர்ந்த பிள்ளை அந்தப் பஸ்ஸில் ஏறாமல் என்ன செய்யும்? மிச்சமிருக்கும் நெசவாளர் ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்துவிட்டால் அடுத்த முதலாளி முன்பணம் கொடுத்துக் கூப்பிட்டுக்கொள்வார். அதனால் தப்பான அட்டை சின்ன முதலாளிக்கு ஒரு சேலை நட்டத்தோடு முடிவதில்லை. ஒரு தறியையே இழக்க வைக்கும்.

நான் விற்பது டிசைன் இல்லை, ஓடுகிற தறி என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. அதன்பிறகு வேலை செய்யும் விதத்தையே மாற்றினேன். டிசைன் கேட்டு வருகிறவரிடம் படங்களைக் காட்டுவதற்கு முன் அவர் தறிக்குப் போய் இழையை எண்ணுவேன். பெட்டி எத்தனை ஊசி, இழை பிரிக்கும் அச்சு என்ன, கரை எத்தனை அங்குலம் என்று குறித்துக்கொள்வேன். அட்டை கொடுத்ததோடு போகாமல், முதல் பூ முழுதாக வந்து முடியும்வரை தறியின் பக்கத்திலேயே இருப்பேன். தப்பு இருந்தால் அங்கேயே எந்த அட்டை என்று பார்த்து மாற்றுவேன். இதற்குச் சேர்த்துத்தான் விலை சொன்னேன். அது அட்டைக் கணக்குப் பார்த்து வாங்கியதைவிடக் கூடுதல். தறி நின்று பார்த்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார்கள். நிற்காதவர்கள் அதிகம் என்றார்கள். விலை சொல்லும்போதே யார் என் ஆள் என்பது பாதி தெரிந்துவிட்டது.

எப்போது போவது என்பதும் முக்கியம். தறியில் ஒரு பாவு இருக்கும்போது அட்டை மாற்ற யாரும் விரும்ப மாட்டார்கள். பாவு இறங்கி, புதுப் பாவைப் பழைய இழையோடு பிணைக்கும் நேரத்தில்தான் மாற்றம் நடக்கும். யார் வீட்டில் பாவு எப்போது முடிகிறது என்று பாவு பிணைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் பழக ஆரம்பித்தேன். முகூர்த்த மாதங்களுக்கு முன்னாலேயே கடைகளுக்குச் சேலை போய்ச் சேர வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை என்றாலும் ஆவணிக்கும் தீபாவளிக்கும் தறியில் அப்போதே வேலை ஏறியிருக்க வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் விளம்பரப் பலகை வைத்து என்ன பயன்? தெருமுனையில் நான் வைத்த பலகையைப் பார்த்து வந்தவர்களில் பெரும்பாலோர் பேனர் அடிக்க வந்தவர்கள். பெட்டி கட்டுகிறவரும் பாவு பிணைக்கிறவரும் ஜரிகைக் கடைக்காரரும் சொல்லி வந்தவர்கள்தான் இன்றும் என்னோடு இருக்கிறார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு இன்றும் கடினமாக இருக்கும் பகுதி.

என் வேலையை எல்லோருக்கும் கொடுக்க முடியாது. ஒரு கரையை ஒரு முதலாளிக்குக் கொடுத்துவிட்டு, அதையே பக்கத்துத் தெருக்காரருக்கும் கொடுத்தால் இருவரும் ஒரே கடைக்குப் போய் நிற்பார்கள். கடைக்காரர் விலையைக் குறைப்பார். டிசைனுக்கு மதிப்பே போய்விடும். 2000-ஆம் வருட வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்தால் பத்து வருடம் உரிமை உண்டு, மேலும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். ஆனால் ஒரு பருவத்தில் பிறந்து அடுத்த பருவத்தில் மறைகிற கரைக்கு எந்தச் சின்ன முதலாளி பதிவு செய்யப் போவார்? அவருக்கு இருக்கும் பாதுகாப்பு என் வாய்வார்த்தை மட்டும்தான். அதனால் ஓர் ஊரில் ஒருவருக்குக் கொடுத்த டிசைனை அந்தப் பருவம் முடியும்வரை அதே ஊரில் இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். பிறகு அதையும் இறுக்கினேன். ஒரே கடைக்குச் சேலை போடும் இரண்டு பேரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் இன்னொருவரை விட வேண்டும்.

விட்டவர்களில் என் மாமா ஒருவர். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. நல்ல நெசவு, நாலைந்து தறி வைத்திருந்தார். அவர் கேட்டது வேறொரு முதலாளிக்கு நான் போட்டுக் கொடுத்த கரையை.

"இன்னா மாப்ள, சொந்தக்காரனுக்கே இல்லன்றியா?"

"வேற போட்டுத் தரேன் மாமா. அதவிட நல்லா போட்டுத் தரேன்."

"எனக்கு அதுதான் வேணும். கடையில அதத்தான் கேக்குறான்."

நான் கொடுக்கவில்லை. அம்மா சில மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மாமா இப்போதும் விசேஷங்களில் தலையசைப்பதோடு சரி. அவர் கேட்டதில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. கடைக்காரர் கேட்பதைத்தான் அவரும் கேட்டார். ஆனால் அன்று கொடுத்திருந்தால் என் வாய்வார்த்தையை நம்பி ஒரு முதலாளியும் என் அறைக்குள் வந்திருக்க மாட்டார். சரியான வாடிக்கையாளரைக் கண்டுபிடிப்பது என்று எல்லோரும் சுலபமாகப் பேசுகிறார்கள். கண்டுபிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பேரிடம், அதிலும் நம் ரத்தத்திடம், இல்லை என்று சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே ஊரில் வாழ்வது மறுபாதி.

2022 ஜூலையில் அரிசிப் பணம் மறுபடி கூப்பிட்டது. 25 கிலோவும் அதற்குக் கீழும் பையில் அடைத்து விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 25 கிலோவைத் தாண்டினால் வரி இல்லை. உடனே 26 கிலோ மூட்டைகள் வந்தன. பைகளில் எண்ணை மாற்ற வேண்டும், எழுத்தை மாற்ற வேண்டும், எல்லாம் அவசரம், கேட்ட காசு தருகிறேன் என்றார்கள். அந்தச் சமயத்தில் கோராப் பட்டும் ஜரிகையும் விலை ஏறி, சின்ன முதலாளிகள் தறியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் வேலை குறைவு. ஆனாலும் பை வேலையைப் போளூரில் அச்சுத் தொழில் செய்யும் நண்பனுக்கு அனுப்பிவிட்டேன். அந்த வேலையை எடுத்துக்கொள்ளும் ஆசை எவ்வளவு பெரியது என்பதை மறைக்க விரும்பவில்லை. மனைவியின் வளையலை அந்த மாதம்தான் அடகு வைத்தோம். ஆனால் பை வேலையில் இறங்கினால் சின்ன முதலாளியின் தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார நேரம் இருக்காது. எண் மாற்றும் வேலை ஓரிரு மாதத்தில் முடிந்துவிடும். அதற்குள் எங்காவது ஒரு தறி நின்றிருக்கும். அங்கே வேறொருவர் போயிருப்பார்.

இப்போது மின்னணு ஜக்கார்டு வர ஆரம்பித்திருக்கிறது. அதில் அட்டை இல்லை. பென் டிரைவில் டிசைனைப் போட்டுச் செருகினால் போதும். தறிக்கும் உபகரணத்துக்கும் ஆகும் செலவில் 90 சதவீதம் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தன் வீட்டில் ஜக்கார்டின் நெய்த உருவப்படம் ஒன்றை வைத்திருந்தாராம். அதை நெய்ய 24,000 அட்டைகள் ஆயின. அட்டையில் ஓட்டை போட்டு இயந்திரத்துக்கு வேலை சொல்லலாம் என்ற யோசனையை அவர் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த வழியில் பிறந்த கணினி இப்போது திரும்பி வந்து அட்டையையே ஓரம் தள்ளுகிறது. என்னிடம் அட்டை கோர்க்கும் அக்காவுக்கு என்ன வேலை கொடுப்பது என்ற கவலை எனக்கு உண்டு. தொழிலைப் பொறுத்தவரை பெரிய பயம் இல்லை. பென் டிரைவில் போனாலும் இழை நெருக்கம் தப்பினால் அன்னம் வாத்தாகத்தான் வரும்.

ஆனால் வேறொரு மாற்றம் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கூலிக்கு நெய்துகொண்டிருந்த சிலர் சொந்தமாகப் பட்டு வாங்கி நெய்து, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி நேராக விற்க ஆரம்பித்திருக்கிறார்கள். மகளோ மருமகளோ படம் எடுக்கிறாள், பதில் சொல்கிறாள், பார்சல் கட்டுகிறாள். ஒண்ணுபுரத்திலிருந்து ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். ஒற்றைத் தறி. எந்தப் பூ வேண்டும் என்று அந்த அம்மாதான் சொன்னார். அட்டைக் கூலி எவ்வளவு என்று கேட்டதும் அவர்தான். இத்தனை வருடத்தில் தறியில் உட்காரும் வீட்டிலிருந்து அந்தக் கேள்வி முதல்முறையாக வந்தது. என் அப்பா இருந்திருந்தால் அவர்களை எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு நாளும் தன் தறியில் வரப்போகும் பூவைத் தானே சொன்னதில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கணவர் இதுவரை நெய்துகொண்டிருந்தது என் வாடிக்கையாளரான ஒரு முதலாளிக்கு. அவர்கள் கேட்டது புது டிசைன்தான், முதலாளியின் கரை இல்லை. இருந்தாலும் மறைத்துச் செய்ய மனம் வரவில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நீ போட்டுக் கொடுத்தா அவன் எங்கிட்ட திரும்பி வரமாட்டான், அது உனக்குத் தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். அவரும் ஒரு காலத்தில் தறிக்குழியில் இருந்து எழுந்து வந்தவர்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

தம்பதிக்கு டிசைன் போட்டேன். கரையில் தாழம்பூ ரேக்கு, உடம்பில் சின்ன புட்டா. இழையை எண்ணி, அட்டை அடித்து, முதல் பூ முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கூலியை முதல் சேலை விற்றபிறகு தரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த முதலாளி இந்தப் பருவத்துக்கு இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போவேன். இவர்களைப் போல இன்னும் சில ஒற்றைத் தறி வீடுகள் சேவூரிலும் தேவிகாபுரத்திலும் இருப்பதாகப் பெட்டி கட்டும் பெரியவர் சொல்கிறார். அவர்களால் எவ்வளவு கொடுக்க முடியும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பூ மாற்றுவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.